உயர் லெவல் கேரக்டர்களோடு ஆடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருடக்கணக்கில் ரோல்பிளேயிங் கேம் (மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகக் கதைக்குள் புகுந்து, பகடை உருட்டி ஆடுவது) ஆடுகிறவர்கள்கூடப் பதினேழாம் லெவலை ரூல்புக்கில் மட்டும்தான் பார்த்திருப்பார்கள். நான் ஒரு கேம்பெயினை (பல செஷன் தொடரும் ஒரே கதையை) ஒன்றாம் லெவலிலிருந்து இருபது வரைக்கும் டிஎம்மாக, அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்தும் டன்ஜன் மாஸ்டராக, உட்கார்ந்து நடத்தியிருக்கிறேன். இன்னொன்றில் பிளேயராகப் பதினெட்டு வரை போனேன். அப்புறம் தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவைதான் கீழே இருக்கின்றன. பதில்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பை வைத்து எழுதியவை. 2014 விதிகளுக்கும் 2024 திருத்தத்துக்கும் வித்தியாசம் முக்கியமாக இருக்கிற இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

எந்த லெவலிலிருந்து ‘உயர் லெவல்’ என்று கணக்கு?

ரூல்புக் நாலு அடுக்காகப் பிரிக்கிறது: 1–4, 5–10, 11–16, 17–20. அதன்படி பார்த்தால் 11-ல் ஆரம்பம். என்னைக் கேட்டால் 13 என்பேன். அந்த லெவலில்தான் விஸார்டுக்கு (மந்திரவாதிக்கு) ஏழாம் நிலை ஸ்பெல்கள் (மந்திரங்கள்) கிடைக்கின்றன. டெலிபோர்ட் (நொடியில் வேறு இடம் போவது), ஃபோர்ஸ்கேஜ் (மாயக் கூண்டு), சிமுலாக்ரம் (ஒருவரின் நகலை உருவாக்குவது) எல்லாம் அந்த வரிசையில் இருக்கின்றன. போன வாரம் வரை ‘அந்தக் கோட்டைக்கு எப்படிப் போய்ச் சேருவது’ என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த பார்ட்டி (பிளேயர்களின் குழு), இந்த வாரம் ‘போனதும் என்ன செய்யலாம்’ என்பதிலிருந்து பேச்சை ஆரம்பிக்கும். நீங்கள் எழுதி வைத்த காடு, ஆறு, பாலத்துக் கொள்ளைக்காரர்கள் எல்லாம் அப்படியே நோட்டில் தூங்கும்.

நிறைய குழுக்கள் பத்தாம் லெவலுக்குள் நின்றுவிடுகின்றனவே, ஏன்?

முதல் காரணம் ஆட்டத்தில் இல்லை, காலண்டரில் இருக்கிறது. ஒருவருக்கு வேலை மாறும், ஒருவருக்குக் குழந்தை பிறக்கும், ஒருவர் ஊரை விட்டுப் போவார். இரண்டு வருஷம் ஐந்து பேர் ஒரே கிழமையில் ஒரே மேஜைக்கு வருவதே பெரிய விஷயம்.

இரண்டாவது, டிஎம்மின் பயம். ‘இவர்களுக்கு முன்னால் இனி என்னத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது’ என்ற பயம். வெளியாகும் அட்வெஞ்சர் புத்தகங்களில் பெரும்பாலானவை பத்து, பதினைந்து லெவலோடு முடிந்துவிடுவதால், மேலே போகிறவர் சொந்தமாகத்தான் எழுதியாக வேண்டும்.

ஆனால் ‘மேலே போகப்போக லெவல் ஏற யுகம் ஆகும்’ என்பது மட்டும் தப்பு. 2014 எக்ஸ்பீரியன்ஸ் அட்டவணையைப் பாருங்கள். பத்திலிருந்து பதினொன்றுக்கு 64,000-லிருந்து 85,000 வரை, அதாவது 21,000 புள்ளி வேண்டும். பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கு 15,000 போதும். எதிரிகளின் மதிப்பும் அதற்குள் ஏறிவிடுவதால், பத்தைத் தாண்டிய பிறகு என் மேஜையில் லெவல்கள் சரசரவென்று ஏறின. மொத்தம் 355,000 என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம்.

நேரடியாகப் பதினைந்தாம் லெவலில் தொடங்கலாமா?

மூன்று நாலு செஷனில் (ஒரு தடவை கூடி ஆடுவது ஒரு செஷன்) முடிகிற கதை என்றால் தாராளமாகத் தொடங்கலாம். நீண்ட கேம்பெயின் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். கீழிருந்து ஏறி வந்தவருக்கு ஒவ்வொரு திறனும் ஒவ்வொரு மாதமாகக் கைக்குப் பழகியிருக்கும். நேராக வந்து உட்காருகிறவருக்கு முழு ரூல்புக்கையும் ஒரே ராத்திரியில் மனப்பாடம் செய்கிற நிலைமை.

நான் ஒரு தடவை செய்து பார்த்தது சரியாக வந்தது. முதல் செஷனை அதே கேரக்டர்களின் மூன்றாம் லெவல் நினைவாக ஆடினோம். இரண்டாவது செஷன் எட்டாம் லெவலில். மூன்றாவதில் பதினைந்து. முதல் செஷனில் அவர்கள் தப்ப விட்ட ஒரு சில்லறைத் திருடன், மூன்றாவது செஷனில் ஒரு நகரத்தின் கவர்னராக வந்து நின்றான். ‘டேய், இவனா!’ என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பின்கதை என்று பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்தக் கத்தல் கிடைத்திருக்காது.

விஸார்டுக்குப் பக்கத்தில் ஃபைட்டர் (வாள் வீரர்) வெறும் எடுபிடி ஆகிவிடுகிறாரே?

இந்தப் பக்கத்திலேயே நியாயமான புகார் இதுதான். இருபதாம் லெவல் விஸார்டுக்கு ஒரு நாளைக்கு 22 ஸ்பெல் ஸ்லாட், அதாவது அத்தனை தடவை ஸ்பெல் போடலாம். ஒன்றாம் லெவலில் வெறும் 2 இருந்தது. ஃபைட்டர் 20-ல் ஒரு ஆக்‌ஷனில் நாலு அடி அடிப்பார், ஆக்‌ஷன் சர்ஜ் போட்டால் எட்டு. அடியின் கணக்கில் அவர் பின்தங்கவே இல்லை. சிக்கல் சண்டைக்கு வெளியே இருக்கிறது. விஸார்ட் கண்டம் விட்டுக் கண்டம் போகிறார், சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்கிறார், செத்தவரோடு பேசுகிறார். ஃபைட்டர் கதவை உடைக்கிறார்.

விஸார்டின் சிறகை வெட்டுவது சுலபமான வழி, ஆனால் தப்பான வழி. ஒருவர் வருஷக்கணக்கில் உழைத்துச் சேர்த்ததை டிஎம் பிடுங்கினால் மேஜையில் மனக்கசப்புதான் மிஞ்சும். இரண்டு விஷயம் எனக்கு வேலை செய்தது. ஒன்று, ஒரு நாளில் ஒரே ஒரு சண்டை வைப்பதை நிறுத்தினேன். 2014 டிஎம் கைடு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு நடுத்தர அல்லது கடின மோதல்கள் என்று கணக்குப் போடுகிறது. அவ்வளவு வைக்க யாருக்கும் பொறுமை கிடையாது, எனக்கும்தான். நாலு வைத்தாலே போதும், விஸார்ட் ஸ்லாட்டை எண்ணி எண்ணிச் செலவு செய்ய ஆரம்பிப்பார். ஃபைட்டரின் வாளுக்கு எண்ணிக்கை கிடையாது.

இரண்டாவதைப் பழைய பதிப்பிலிருந்து எடுத்தேன். அட்வான்ஸ்ட் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதல் பதிப்பில் ஃபைட்டர் ஒன்பதாம் லெவலில் ‘லார்ட்’ ஆவார். கோட்டை கட்டலாம், ஆட்கள் தேடி வருவார்கள். என் கேம்பெயினில் ஃபைட்டருக்கு எல்லையில் ஒரு பாழடைந்த கோட்டையும் அறுபது வீரர்களும் கிடைத்தார்கள். அதற்கப்புறம் ஒரு செஷனில் அரண்மனை வாசலில் காவலர்கள் வழி மறித்தார்கள். விஸார்ட் ‘சார்ம் போடட்டுமா’ என்று தன் கேரக்டர் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஃபைட்டர் ஹெல்மெட்டைக் கழற்றினார். வயதான காவலர் ஒருவர் அவர் முகத்தைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் ஈட்டியை நிமிர்த்திப் பிடித்து வழி விட்டார். பகடையே உருட்டவில்லை. அந்தப் பிளேயர் அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் முறை வருவதற்குள் தூக்கம் வருகிறது. சண்டையை எப்படி வேகப்படுத்துவது?

மீட்டியர் ஸ்வார்ம் (விண்கல் மழை பொழியும் ஸ்பெல்) போட்டால் 40 பகடை உருட்ட வேண்டும். எங்கள் மேஜையில் முதல் தடவை அதைப் போட்டபோது எல்லாருடைய பகடையையும் கடன் வாங்கினார்கள். இரண்டு கீழே விழுந்து சோபாவுக்கடியில் போய்விட்டன. எண்ணி முடித்தபோது ஒருவர் 131 என்றார், இன்னொருவர் 137 என்றார், மறுபடி எண்ணினோம். முதல் தடவை அது திருவிழா. மூன்றாவது தடவை தண்டனை. அதன் சராசரி 140, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அரக்கர்களின் அடிக்கும் சராசரி போதும், புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கிறது.

மற்றபடி, முந்தையவர் ஆடும்போதே அடுத்தவர் என்ன செய்யப்போகிறார் என்று முடிவு செய்திருக்க வேண்டும். அடிப் பகடையும் சேதப் பகடையும் ஒன்றாகவே உருட்டுங்கள். எட்டு ஓநாய்களை வரவழைக்கிற ஆசாமியிடம் தனியாகப் பேசுங்கள். ஒரே ஒரு பெரிய மிருகமாக வரவழைக்கச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார், அவருக்கே அந்த எட்டையும் நகர்த்தி அலுத்துப்போயிருக்கும்.

டெலிபோர்ட் வந்ததும் பயணமே போய்விட்டது. தடை செய்யலாமா?

வேண்டாம். ஆறு மாதம் காட்டில் நடந்தார்கள், போதும். இனி அவர்கள் பறக்கட்டும்.

ஆனால் ஸ்பெல்லின் விதியை ஒழுங்காகப் படியுங்கள். நன்றாகப் பழகிய இடத்துக்குப் போகும்போது விபத்து நேர்வது அபூர்வம். ஒரே ஒரு தடவை பார்த்த இடம், அல்லது யாரோ சொல்லக் கேட்ட இடம் என்றால் நூறில் 43 வாய்ப்பு விபத்து. ஒவ்வொருவருக்கும் 3டி10 (மூன்று பத்துமுகப் பகடையின் கூட்டுத்தொகை) சேதம், அப்புறம் மறுபடி அட்டவணையை உருட்ட வேண்டும். ஆக, எதிரியின் கோட்டைக்குள் குதிப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் உள்ளே போய் நன்றாகப் பார்த்துவிட்டு வர வேண்டும், அல்லது அங்கிருந்து ஒரு பொருளைக் கடத்தி வர வேண்டும். சமீபத்தில் அங்கிருந்து எடுத்த பொருள் கையில் இருந்தால் தவறவே தவறாது. இது ரோக்குக்கு (பதுங்கிப் போவதில் தேர்ந்த கேரக்டருக்கு) ஒரு முழு செஷன் வேலை.

பணமும் ஆயுளும் நிறைய உள்ள வில்லன் தன் படுக்கையறைக்கு ஃபோர்பிடன்ஸ் (டெலிபோர்ட்டில் உள்ளே வரவிடாத ஸ்பெல்) போட்டிருப்பான், அது நியாயம். ஊரெல்லாம், குகையெல்லாம், சந்துபொந்தெல்லாம் ஃபோர்பிடன்ஸ் என்றால் பிளேயர்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

செத்தாலும் திரும்பி வந்துவிடுகிறார்கள். பயம் எங்கே போனது?

ஒன்பதாம் லெவல் கிளெரிக்கிடம் (பூசாரியிடம்) ரெய்ஸ் டெட் (செத்தவரை உயிர்ப்பிக்கும் ஸ்பெல்) வந்துவிடுகிறது, 500 தங்கக் காசு மதிப்புள்ள வைரம் இருந்தால் போதும். ரெசரெக்‌ஷனுக்கு 1,000 காசு வைரம், செத்து நூறு வருஷம் வரை ஆகியிருக்கலாம். ட்ரூ ரெசரெக்‌ஷனுக்கு 25,000, அதில் உடம்புகூட வேண்டாம், இருநூறு வருஷம் வரை தோண்டி எடுக்கலாம். சாவு ஒரு செலவுக் கணக்காகிவிடுகிறது.

சில டிஎம்கள் வைரத்தைக் கடையிலிருந்து மறைத்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. கேரக்டரின் உயிரைப் பணயமாக வைத்தே பதினைந்து லெவல் ஓட்டியாகிவிட்டது, இனி வேறு எதையாவது பணயம் வைக்கலாம். ஒரே ராத்திரியில் இரண்டு நகரங்களுக்கு ஆபத்து வந்தால் இவர்களால் ஒன்றில்தான் இருக்க முடியும். வாக்குக் கொடுத்த இடத்துக்குப் போகவில்லை என்றால் அதற்கு எந்த வைரமும் உதவாது.

அந்த ஸ்பெல்களில் பலர் தாண்டிப் படிக்கிற ஒரு நிபந்தனையும் இருக்கிறது: ஆன்மா சம்மதித்தால்தான் திரும்பும். என் பார்ட்டி ஒரு ராஜாவைக் காப்பாற்றத் தவறியது. சரி, வைரம் இருக்கிறதே என்று அலட்டிக்கொள்ளாமல் சடங்கைத் தொடங்கினார்கள். ஒரு மணி நேரச் சடங்கு. முடிவில் வைரம் தூளாகிவிட்டது என்றேன், ராஜா கண் திறக்கவில்லை என்றேன். ‘ஏன்?’ என்று கேட்டார் கிளெரிக். ‘அவருக்கு வர இஷ்டமில்லை’ என்றேன். மேஜையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அடுத்த நாலு செஷனும் அவர் ஏன் வரவில்லை என்பதைத் துருவுவதிலேயே போனது. நான் அதை முன்கூட்டித் திட்டமிடவில்லை, அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது.

விஷ் ஸ்பெல்லை எப்படிச் சமாளிப்பது?

விஷ் என்றால் ஆசைப்பட்டதைக் கேட்டு வாங்கும் ஸ்பெல். முதலில் பதற்றத்தைக் குறையுங்கள். எட்டாம் நிலை வரையுள்ள வேறொரு ஸ்பெல்லை அப்படியே போடுவதுதான் விஷ்ஷின் சாதாரணப் பயன்பாடு. அதற்கு வில்லங்கம் எதுவும் கிடையாது, விலையுயர்ந்த பொருளும் தேவையில்லை. என் விஸார்ட் அதைப் பத்துத் தடவை போட்டிருந்தால் ஒன்பது தடவை இப்படித்தான்.

அதைத் தாண்டி எதையாவது கேட்டால்தான் உடம்பைப் போட்டு வாட்டும். ஸ்ட்ரெங்த் (உடல் வலு) 3-க்கு இறங்கிவிடும், அடுத்த நீண்ட ஓய்வு வரை ஸ்பெல் போட்டால் அடி விழும், போதாததற்கு இனி ஜென்மத்துக்கும் விஷ் போட முடியாமல் போக நூறில் 33 வாய்ப்பு. இந்தக் கடைசி விதியே போதுமான கடிவாளம். இதற்கு மேல் வார்த்தையைத் திரித்து விளையாடுவது டிஎம்முக்கு ஆசையாகத்தான் இருக்கும். நானும் ஒரு தடவை செய்தேன். விளைவு, அடுத்த தடவை அந்தப் பிளேயர் வக்கீல் நோட்டீஸ் மாதிரி அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்து வாசித்தார், உட்பிரிவுகளோடு. தப்பு என்னுடையது. இப்போதெல்லாம் ‘உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும்?’ என்று நேராகவே கேட்டுவிடுகிறேன். அது கதைக்குள் அடங்குமென்றால் கொடுத்துவிட்டு, எவ்வளவு விலை ஆகும் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

பெரிய வில்லன் முதல் சுற்றிலேயே முடிந்துவிட்டான். என்ன தப்பு செய்தேன்?

அநேகமாக அவனைத் தனியாக நிற்க வைத்திருப்பீர்கள். ஐந்து பேர் ஒருவனை அடித்தால் ஒரு சுற்றில் ஐந்து முறை அவர்களுக்கு, ஒரு முறை அவனுக்கு. லெஜண்டரி ஆக்‌ஷன்கள் (மற்றவர் முறைகளுக்கு நடுவே அவன் செய்யும் கூடுதல் செயல்கள்) அந்த ஓட்டையைக் கொஞ்சம்தான் அடைக்கின்றன. லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் (தோற்ற தற்காப்பு உருட்டலை வென்றதாக மாற்றும் திறன்) பெரும்பாலும் நாளைக்கு மூன்று தடவை, விவரமான பார்ட்டி இரண்டே சுற்றில் அதைக் கரைத்துவிடும்.

நான் மூன்று மணி நேரச் சண்டைக்கு ஒரு தளபதியைத் தயார் செய்து வைத்திருந்தேன். முதல் சுற்றில் விஸார்ட் ஃபோர்ஸ்கேஜ் போட்டார். 2014 விதியில் அதற்கு சேவிங் த்ரோ (தப்பிக்க உருட்டும் பகடை) இல்லை, கான்சன்ட்ரேஷனும் (ஸ்பெல் கலையாமல் இருக்க மனதைக் குவித்து வைப்பது) இல்லை, ஒரு மணி நேரம் நிற்கும். தளபதியிடம் மாயவித்தை எதுவும் கிடையாது. கூண்டுக்குள் சும்மா நின்றான். பிளேயர்கள் சுற்றி உட்கார்ந்து அவனிடம் விசாரணை நடத்தினார்கள். சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் வீட்டுக்குப் போய் என் நோட்டைத் திறந்து பார்த்தபோது வயிறு எரிந்தது. (2024 திருத்தத்தில் இந்த ஸ்பெல்லுக்குக் கான்சன்ட்ரேஷன் தேவைப்படுகிறது. என்னைப் போல நிறைய பேருக்கு வயிறு எரிந்திருக்கும் போல.)

அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்டவை: வில்லன் இருக்கிற இடத்தில் அவனோடு வேறு ஆட்களும் இருப்பார்கள், அவர்களில் ஒருவருக்காவது மாயவித்தை தெரியும். லிச் (செத்தும் சாகாத மந்திரவாதி) மாதிரி ஸ்பெல் போடுகிறவன் 60 அடிக்கு வெளியே நிற்பான், ஏனென்றால் கவுண்டர்ஸ்பெல் (இன்னொருவரின் ஸ்பெல்லை முறிப்பது) அந்தத் தூரம்தான் எட்டும். டிராகன் தரையிறங்காது. 2014 புத்தகத்தின் ஏன்ஷியன்ட் (மிக முதிய) சிவப்பு டிராகனின் 546 ஹிட் பாயின்ட்டும் (உயிர்ப் புள்ளியும்) தரையில் நின்றால் மூன்று சுற்றுக்குத் தாங்குவதே கஷ்டம். வானத்திலிருந்து நெருப்பைக் கக்கிவிட்டுப் போய், திரும்ப வரட்டும். ஆயிரம் வருஷம் உயிரோடு இருந்த பிராணி முட்டாளாக இருக்க முடியாது.

சின்ன எதிரிகளையும் குறைத்து எடை போடாதீர்கள். ஐந்தாம் பதிப்பில் எண்கள் மெதுவாகத்தான் ஏறுகின்றன, புரொஃபிஷியன்சி போனஸ் (பகடையோடு கூட்டும் எண்) +2-ல் தொடங்கி 17-ஆம் லெவலில் +6-ல் முடிந்துவிடும். ஆர்மர் கிளாஸ் (அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்) 20 உள்ள மகாவீரரைக்கூட +4 உள்ள கோப்ளின் நாலுக்கு ஒன்று அடித்துவிடும். நாற்பது கோப்ளின் வில்லோடு நின்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அரக்கரின் சேலஞ்ச் ரேட்டிங்கை (எவ்வளவு கடினமான எதிரி என்று சொல்லும் எண்ணை) நம்பலாமா?

இந்த லெவலில் நம்ப வேண்டாம். 2014 புத்தகத்தில் டெராஸ்க் என்ற ராட்சத மிருகத்துக்கு ரேட்டிங் 30, ஹிட் பாயின்ட் 676. தூரத்திலிருந்து தாக்க அதனிடம் ஒன்றுமே இல்லை. உயரப் பறக்கத் தெரிந்த, பொறுமையுள்ள ஒருவர் போதும்.

பிளேயராக என் ஷீட்டே எனக்குப் புரியவில்லை. என்ன செய்வது?

ஒரே ஒரு தனித்தாள் எடுங்கள். மேலே: வழக்கமாக ஒரு முறையில் செய்வது. நடுவில்: நிலைமை மோசமானால் செய்வது. கீழே: என் முறை இல்லாதபோது செய்யக்கூடிய ரியாக்‌ஷன்கள். சண்டைக்கு அந்தத் தாள் மட்டும். மீதி ஐம்பது திறனும் சண்டை இல்லாதபோது நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

விதிகளை விடப் பலர் தடுமாறுவது வேறொரு இடத்தில்: இந்த ஆளுக்கு இனி என்ன வேண்டும்? ஒன்றாம் லெவலில் கேரக்டருக்குக் காசு வேண்டும், நல்ல வாள் வேண்டும், அப்பாவைக் கொன்றவனைத் தேட வேண்டும். பதினாறில் காசு இருக்கிறது, வாள் இருக்கிறது, அப்பாவைக் கொன்றவன் ஆறாம் லெவலிலேயே செத்துவிட்டான். நான் ஆடிய கிளெரிக்குக்கு இந்த வெறுமை வந்தபோது டிஎம்மிடம் ஒரு வாரிசு கேட்டேன், மடத்தை ஏற்று நடத்த. கொடுத்த பையன் என் கேரக்டர் நம்பிய எதையும் நம்பவில்லை. பதினெட்டு லெவலில் நான் ரசித்து ஆடியது அவனோடு போட்ட சண்டைகளைத்தான்.

டிஎம் எவ்வளவு தயாரிப்பு செய்ய வேண்டும்? யானையைக் கட்டித் தீனி போடுகிற மாதிரி இருக்கிறது.

செஷன் முடியும்போது ‘அடுத்த வாரம் எங்கே போகிறீர்கள்?’ என்று கேட்டு வாயால் சொல்ல வையுங்கள். உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் ஆறு நொடியில் போகக்கூடியவர்களுக்கு முன்கூட்டித் தயாரிக்க வேறு வழி கிடையாது. அப்புறம், இடங்களை எழுதாமல் வில்லனின் நாட்குறிப்பை எழுதுங்கள்: யாரும் தடுக்காவிட்டால் திங்கள் இது, வியாழன் அது. பார்ட்டி எங்கே குதித்தாலும் அந்த நாளில் அங்கே என்ன நடந்துகொண்டிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எப்படித் தப்பிப்பார்கள் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டாம். வழியே இல்லாத சிக்கலைக் கொடுங்கள், அவர்களுடைய ஷீட்டில் நீங்கள் மறந்துபோன ஏதோ ஒன்று இருக்கும்.

இருபதுக்கு அப்புறம் ஆட முடியுமா?

முடியும். 355,000-க்கு மேல் ஒவ்வொரு 30,000 புள்ளிக்கும் ஒரு எபிக் பூன் (சிறப்பு வரம்) கொடுக்கலாம். 2024-ல் முதல் பூன் 19-ஆம் லெவலிலேயே வந்துவிடுகிறது. இருபதே உச்சம் என்று எப்போதும் இருந்ததில்லை. 1984-ல் வந்த, பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் கம்பேனியன் பெட்டி 15–25 லெவலுக்கு, அடுத்த வருஷத்து மாஸ்டர் பெட்டி 26–36 லெவலுக்கு. அதற்கும் அடுத்த வருஷம் இம்மார்ட்டல்ஸ் வந்தது, அதில் கேரக்டர்கள் சாகாவரம் பெற்றே ஆடினார்கள். நாலாம் பதிப்பு முப்பது வரை போனது. எனக்கு இருபதில் ஆறேழு செஷன் போதுமென்று தோன்றியது.

எப்போது முடிப்பது?

கடைசிக்கு முன் பத்து செஷன் இருக்கும்போதே தேதியைச் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் பிளேயர்கள் பத்திரப்படுத்தி வைத்த பொருள்களை வெளியே எடுப்பார்கள். எட்டாம் லெவலில் கிடைத்த ஒரு அம்பை ‘சமயத்துக்கு உதவும்’ என்று எங்கள் ரோக் இரண்டரை வருஷம் வைத்திருந்தார். கடைசி செஷனில் அதை எய்தார், குறி தப்பியது.

எங்கள் கடைசிச் சண்டையின் டிராகன் ஃபைட்டரின் கையால்தான் விழுந்தது, அவரிடம் மீதி 4 ஹிட் பாயின்ட். விழுந்த டிராகன் அவருடைய கோட்டையின் பெரிய கதவு மேலேயே விழுந்தது. அதற்கப்புறம் நான் எழுதி வைத்திருந்த முடிவுரையை வாசிக்க விடவே இல்லை. அந்தக் கதவைப் பழுது பார்க்கும் செலவை யார் கொடுப்பது என்று இருபது நிமிஷம் சண்டை போட்டார்கள்.